வளைவில் திரும்பிய டிராக்டர்

மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில், பெரிய ரோட்டில் இருந்து பிரிந்து மேலே ஏறுகிற சின்னப் பாதை ஒன்றில் எங்கள் வீடு. கீழே நின்று பார்த்தால் முதல் நாலைந்து வீடுகள்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் பாதை இடப்பக்கம் சட்டென்று வளைந்து மறைந்துவிடும். வளைவைத் தாண்டினால்தான் மிச்ச வீடுகள். எங்களுடையது கடைசிக்கு முந்திய வீடு.

அந்த வளைவில் ஒரு மேடு இருந்தது. பார்வைக்குச் சாதாரண மண்மேடு. மேலே காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்திருக்கும், கொடி படர்ந்திருக்கும். காலால் ஓர் உதை விட்டால் கலகலவென்று சத்தம் வரும். உள்ளே இருந்ததெல்லாம் போத்தல். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், மருந்துப் போத்தல், ஜாம் போத்தல், மீன் டின், பால்மா டின், அண்மையில் வந்து சேர்ந்த பியர் டின்கள். சமையல் கழிவை எல்லோரும் அவரவர் தோட்டத்துக் குழியில் போட்டோம். கடதாசியை எரித்தோம். எரியாததும் மக்காததும் வளைவுக்கு வந்தன. யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று எவரும் கண்டதில்லை. மேடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

என் கணவரின் குடும்பம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், இருந்தவர்கள். அவர் கீழே இறங்கி வந்து மிளகும் கறுவாவும் அரைக்கிற ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நான் மாத்தளை டவுனில் துணிக்கடையில் நிற்கிறேன். இருவருமாக ஒவ்வோர் அறையாகக் கட்டி எழுப்பிய வீடு இது. முன்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. மகளும் மகனும் பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்களோடு என் நாத்தனாரும் இருக்கிறார். என் கணவருக்கு அக்கா, நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் கட்டாதவர். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், பல வருஷம் ஆயாவாக இருந்தவர். எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை பெரும்பாலும் அவருடையதுதான்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாதத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் பனடோல் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். கொசுவலைக்குள் படுத்துக் கிடந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை நர்ஸ் இரத்தம் எடுக்க வரும்போதும் நான் மாதாவைக் கூப்பிட்டேன். அக்கா வீட்டில் இருந்து தினமும் இளநீரோடு பஸ் ஏறி வந்தார். பிள்ளையின் காலை நீவிக்கொண்டு இருந்துவிட்டுப் போவார். பிள்ளை மெல்ல மெல்லத் தேறினாள். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, நானும் என் கணவரும் அடுக்களையில் நின்று ஆளை ஆள் பார்க்காமல் அழுதோம்.

அதற்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர் எங்கள் பாதைக்கு வந்தார். எல்லோரும் பி.எச்.ஐ. மாத்தயா என்று சொல்கிற மனிதர். நல்ல மனிதர், அதட்டிப் பேசாதவர். ஒவ்வொரு வீட்டிலும் பூச்சாடி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வளைவுக்கு வந்தார். கொடியை விலக்கி ஒரு மீன் டின்னை எடுத்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். தேங்கிய தண்ணீரில் நூல் நூலாகக் கொசுப் புழுக்கள் நெளிந்தன. அடுத்ததாக ஒரு ஜாம் போத்தல். அதிலும் அப்படியே. அடுத்தது, அடுத்தது.

"இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பாதையே கூடி நின்றது. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, டின்னைக் கவிழ்த்து வைத்து, "அப்படியென்றால் எல்லோருடையதும்தான்" என்றார். மருந்து தெளித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் என் மகள் யன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இன்னும் உடம்பு முழுதாகத் தேறவில்லை. "அம்மா, மருந்து அடிச்சிட்டாங்க சரி. அந்த டின்னெல்லாம் அங்கேயேதான் இருக்குமா?" என்று கேட்டாள்.

வேலைக்குப் போகும் வழியில் அடுத்த முறை குப்பை டிராக்டரைக் கண்டதும் ஓடிப்போய் மறித்தேன். பிரதேச சபை டிராக்டர் பெரிய ரோட்டில்தான் நிற்கும். எங்கள் பாதைக்குள் வந்ததே இல்லை. டிரைவர் நம்ம ஆள்தான், தமிழர்.

"அண்ணே, ஏன் எங்க பக்கம் மேல வரமாட்டேங்கிறீங்க?"

"வரமாட்டேன்னு சொல்றேனா தங்கச்சி? வளைவுல டிரெய்லர் திரும்பாது. அந்த மேடு பாதி ரோட்டைத் தின்னுட்டு நிக்குது. உள்ள வந்தா நான் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்."

"போத்தல், டின் எல்லாம் எடுப்பீங்களா?"

"மாசக் கடைசிச் சனிக்கிழமை அதுக்கின்னே வர்றோம். கழுவி, வகை பிரிச்சு, கீழ கொண்டாந்து வச்சிருங்க. ஏத்திக்கிறோம். கழுவாம கொண்டாந்தீங்கன்னா ஈயும் நாத்தமும், கைய வைக்க ஏலாது."

அவ்வளவுதான் தொடக்கம். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் பழைய உரப் பைகள் மூன்றைக் கொண்டுவந்து பின்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று டின்னுக்கு, ஒன்று பிளாஸ்டிக் போத்தலுக்கு. கழுவுவது என் வேலை. மூடியைக் கழற்றுவதும் லேபிளைச் சுரண்டுவதும் மகள். டின்னை மிதித்துச் சப்பையாக்குவது மகன். எங்கள் வீட்டில் எந்த வேலையும் அவ்வளவு உற்சாகமாக நடந்ததில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்தோடு ஏறி நின்று குதிப்பான். மிதிக்க டின் இல்லாத நாட்களில் "அம்மா, இன்னைக்கு மீன் டின் கறி வைக்கலையா?" என்று கேட்பான்.

அக்கா இதையெல்லாம் பார்க்காத மாதிரி முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். முதல் மாதக் கடைசி வந்தபோது, நாங்கள் பைகளைக் கட்டித் தூக்குவதைக் கண்டதும் எழுந்து வந்துவிட்டார்.

"எங்க போறீங்க இதைத் தூக்கிக்கிட்டு?"

"கீழ டிராக்டருக்கு, அக்கா."

"பட்டப் பகல்லயா? அறிவு இருக்கா ஒங்களுக்கு? தோட்டத்தில இருந்து எறங்கி வந்து, சொந்தமா ஒரு வீட்டக் கட்டி, நாலு பேர் மதிக்கிற மாதிரி இப்பத்தான் நிமிந்து நிக்கிறோம். லயத்துக்காரங்க சாக்கைத் தூக்கிட்டுப் போத்தல் பொறுக்க வந்துட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

என் கணவர் பையைக் கீழே வைத்தார். அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். பிறகு, "அக்கா, புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்ப மதிப்பப் பத்தி நீங்க யோசிச்சீங்களா? நானும் யோசிக்கல. இப்பவும் யோசிக்கல" என்று சொல்லிப் பையைத் திரும்பத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் கணவர் அப்படித் தைரியமாகப் பேசினாரே தவிர, அவருக்கும் ஒரு வெட்கம் இருந்தது. கண்ணாடிப் பையில், அடுக்களை மூலையில் சேர்ந்திருந்த அவருடைய சாராயப் போத்தல்கள். பெருநாளுக்கும் விருந்தாளிகள் வரும்போதும் மட்டும் குடிக்கிறவர். ஆனாலும் அது போத்தல்தானே, கண்ணாடிதானே, வெளியே தெரியுமே. ஒவ்வொன்றையும் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். மகள் பையைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, கடதாசி இதுக்குள்ள போடக்கூடாது."

"பரவாயில்ல மகள், ஒடையாம இருக்கத்தான்."

"ஜாம் போத்தலுக்குச் சுத்தலையே?"

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கடதாசியாக உரித்து எடுத்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.

நாலு பேரும் வரிசையாக இறங்கினோம். கண்ணாடி தோளில் கிடந்து ஒவ்வோர் அடிக்கும் மணி மாதிரி அடித்தது. கேட்டுக்குப் பின்னால், யன்னலுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் முகங்கள். வளைவுக்குக் கீழே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், சிங்களவர். அண்ணன் முறையில் நாங்கள் ஐயே என்று கூப்பிடுவோம். வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "அம்மோ! நேற்று ராத்திரி பெரிய விருந்து போலிருக்கிறதே!" என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னார்.

என் கணவர் நின்றார். முகம் சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிங்களத்தில், "ஐயே, இது ஆறு மாதத்துக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கை எப்போது காட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

யன்னல்களுக்குப் பின்னால் இருந்தெல்லாம் சிரிப்பு வந்தது. ஐயேதான் அதிகமாகச் சிரித்தார். நாங்கள் டிராக்டரடியில் நிற்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் போத்தல்களைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். ஒளிக்கவில்லை, சுற்றவில்லை. "கழுவித்தான் கொண்டு வந்தேன், நங்கி" என்று என்னைத் தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்.

இப்படி மாதம் மாதம் இறங்கினோம். எங்கள் வீட்டில் இருந்து ஒரு போத்தலும் வளைவுக்குப் போகவில்லை. ஆனால் மேடு அப்படியே கிடந்தது. மழை பெய்து ஓய்கிற ஒவ்வொரு நாளும் நான் வேலைவிட்டு வரும்போது, கொடிக்கு அடியில் ஒவ்வொரு டின்னாகத் தண்ணீர் நிரம்பி இருப்பது என் கண்ணுக்குள் வந்து நிற்கும். ஒருநாள் சோறு சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அந்த மேட்டை நாம எடுத்திருவோமா?"

மகன்தான் முதலில் பேசினான். "எல்லா டின்னையும் நான்தான் மிதிப்பேன்."

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போனோம். என் கணவர் ஆலையில் இருந்து தடித்த ரப்பர் கையுறைகள் கொண்டுவந்திருந்தார். அலவாங்கால் அவர் மண்ணை நெம்ப, நான் பொறுக்க, பிள்ளைகள் பாதையின் மறுபக்கம் தள்ளி நின்று வகை பிரித்தார்கள். உடைந்த கண்ணாடியைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. அதை நான் பழைய வாளி ஒன்றில் தனியாகச் சேர்த்தேன். பின்னேரம் வரைக்கும் வேலை செய்து நிமிர்ந்து பார்த்தபோது, மேட்டில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. என் கணவர், "ஒரே நாள்ல வந்த மேடா இது?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்த ஞாயிறு, நாங்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது அக்கா கீழே கடையில் இருந்து வருவது தெரிந்தது. நடை வேறு மாதிரி இருந்தது. வேகமாக வந்தவர் எங்களைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருந்தார். காலில் என் கணவரின் பழைய ரப்பர் சப்பாத்து. கையில் மண்வெட்டி.

"தள்ளுங்க" என்றார்.

நாங்கள் தள்ளினோம். பத்துப் பதினைந்து வெட்டு வெட்டிய பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கடையில், எங்களுக்குக் கீழே இருக்கிற ஒரு பெண், நாலு பேர் நிற்கும்போது, "ஒங்க வீட்டு ஆளுங்க குப்பை பொறுக்கித்தான் சீவிக்கிறாங்களா இப்ப?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள்.

"என்ன சொல்றது? எங்க வீட்டுக் குப்பை எங்க வீட்டிலயே பைக்குள்ள இருக்கு. அவங்க பொறுக்குறது ஒன் வீட்டுக் குப்பைன்னு சொன்னேன். வந்து பாரு, ஒன் மாமியாட மருந்துப் போத்தல் பேரோட கெடக்குதுன்னும் சொன்னேன்."

"அத்தே! அப்படி ஒரு போத்தல் கெடைக்கவே இல்லையே!"

"தோண்டினா கெடைக்கும். தோண்டு" என்றார் அக்கா.

இத்தனை மாதமாக ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துகொண்டிருந்தவர், ஊர் அதைச் சொல்லிவிட்டபோது பயத்தை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டார். நான் அவரைக் கட்டிப் பிடிக்க நினைத்தேன். கை முழுக்கச் சேறு. அதனால் ஒரு கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.

அக்கா வந்த பிறகு வேலை வேறு விதமாக நடந்தது. குழந்தைகளை மேய்த்த மனுஷி, ஆட்களை மேய்ப்பதும் அவருக்குச் சுலபம். பாதையில் போகிற எவரையும் சும்மா போகவிட மாட்டார். "தம்பி, சும்மாதானே போறீங்க, இந்தப் பையக் கீழ வச்சிட்டுப் போங்க." "மகள், டியூசனுக்கு நேரம் இருக்குதானே, இந்தத் தண்ணி வாளியக் கொஞ்சம் பிடிங்க." மறுப்பதற்கு நேரமே கொடுக்கமாட்டார். கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் எங்களுக்கு எதிர்வீடு. மோட்டார் சைக்கிளில் வந்தவரை அக்கா மறித்து, "நானா, கடையில தள்ளுவண்டி ஒண்ணு சும்மா கெடக்கும்தானே?" என்று கேட்டார். அவர் தள்ளுவண்டியோடு தன் இரண்டு மகன்மாரையும் அனுப்பினார். கூடவே அவருடைய மனைவி ஒரு பெரிய கேத்தல் நிறைய இஞ்சி போட்ட பிளேன்டீயும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேத்தல் வந்தது.

தோண்டத் தோண்ட என்னென்னவோ வந்தது. மை தீர்ந்த கண்ணாடிக் குப்பிகள். உள்ளே கோலி உருளும் பழைய சோடாப் போத்தல். வாழைப்பழம் மாதிரி வளைந்த, இரண்டு பக்கமும் வாயுள்ள, குழந்தைக்குப் பால் கொடுக்கும் போத்தல் ஒன்று. ஒருநாள் ஒரு சாரைப்பாம்பு. எங்களைப் பார்த்ததும் அது வேகமாக மிளகுக் கொடிப் பக்கம் போய்விட்டது. அன்று மட்டும் அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

பாதி மேடு குறைந்திருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலை. நான் வேலைக்கு இறங்கினேன். பிள்ளைகள் எனக்கு முன்னால் ஓடினார்கள். வளைவில் அப்படியே நின்றுவிட்டார்கள். நாங்கள் துப்புரவாக்கிக் கூட்டிவிட்டிருந்த இடத்தில் புதிதாக ஒரு குவியல். பியர் டின், சாராயப் போத்தல், உடைந்த கண்ணாடி. இரவோடு இரவாக யாரோ கொட்டியிருந்தார்கள்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் அழுத சத்தத்துக்கு என் கணவரும் அக்காவும் இறங்கி வந்தார்கள். என் கணவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "யாருன்னு கண்டுபிடிச்சு, அவன் வாசல்லயே கொண்டுபோய்க் கொட்டுறேன்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அக்கா அந்தக் குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"கண்டுபிடிச்சு என்ன செய்யப்போற? குடிக்கிற வீடு எதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொம்பள பாவம். பகல்ல சாக்கைத் தூக்கிட்டு எப்பிடி அவ ரோட்டுல எறங்குவா? நீ எறங்கினப்ப சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. அவ எறங்கினா சிரிப்போட விடுவாங்களா?"

என் கணவர் குனிந்து டின்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

அக்கா வீட்டுக்குப் போய் ஒரு உரப் பையைக் கொண்டுவந்து, வளைவில் இருந்த பலாமரத்தில் வாய் விரிந்திருக்கும்படி கட்டித் தொங்கவிட்டார். "மண்ணில போடாம இதில போடச் சொல்லு. யாரும் பாக்கப் போறதில்ல, கேக்கப் போறதுமில்ல." யாரிடமும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பை இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அதில் இரண்டு டின் இருந்தது. வார முடிவில் பாதிப் பை. இன்னொரு வாரம் போனபோது போத்தல்கள் கழுவி இருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அக்கா திரும்பப் பைக்குள் வைத்தார். முகத்தில் அப்படியொரு பெருமை.

அதற்குப் பிறகு மண்ணில் ஒரு போத்தலும் விழவில்லை.

மேட்டின் அடியை எட்டிய ஞாயிறு பாதையில் அரைவாசிப் பேர் அங்கே நின்றார்கள். என் கணவரின் அலவாங்கு எதிலோ மோதி 'டங்' என்றது. கல் என்று நினைத்தோம். மண்ணை வழித்துப் பார்த்தால் வரிசையாகக் கல். அடுக்கிக் கட்டிய கல். ஐயே வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அது பாதையின் பழைய ஓரம். அதற்கு அப்பால் மழைத்தண்ணீர் போகிற கான், கல்லால் கட்டிய அழகான கான். பல வருஷமாகப் புதைந்து கிடந்திருக்கிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் பாதை வழியாக இறங்கிக் கீழ்வீடுகளின் வாசலுக்குள் போனதற்குக் காரணம் அதுதான்.

"நான் சின்னப் பையனாக இருந்தபோது கொக்கோ ஏற்ற லொறி இந்தப் பாதையில் மேலே வரும். எப்படி வந்தது என்று நானே மறந்துபோனேன்" என்றார் ஐயே.

கானைத் துப்புரவாக்க நாங்கள் ஆள் கூப்பிடவேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு தாங்களாகவே வந்தார்கள். கடையில் அக்காவைக் குத்திப் பேசிய பெண்ணும் வந்தாள். அக்கா அவளைப் பார்த்தார். "அந்தப் பக்கம் புடி" என்று மட்டும் சொன்னார் அக்கா. இருவரும் சேர்ந்து ஒரு மண்கூடையைத் தூக்கினார்கள்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, நாங்கள் ஒரு பையையும் கீழே கொண்டுபோகவில்லை. அக்கா வேண்டுமென்றே தடுத்துவிட்டார். வளைவுக்கு மேலே எல்லா வீடுகளின் பைகளும் கேட்டடியில் நின்றன. அக்காவும் நானும் பிள்ளைகளும் மட்டும் வெறுங்கையோடு பெரிய ரோட்டுக்கு இறங்கினோம்.

டிரைவர் எங்களைக் கண்டதும், "என்ன தங்கச்சி, இந்த மாசம் ஒண்ணும் குடிக்கலையா?" என்று கேட்டார்.

"மேல வாங்கண்ணே" என்றேன்.

"மேலயா? சொன்னேனே, வளைவுல..."

"வளைவு இப்ப எப்பிடி இருக்குன்னு வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றார் அக்கா.

அவர் இறங்கி நடந்து வந்து பார்த்தார். கான் ஓரத்தில் நின்று காலால் அகலத்தை அளந்தார். தலையைச் சொறிந்தார். திரும்பவும் அளந்தார். பிறகு கீழே போய் டிராக்டரில் ஏறினார்.

எஞ்சின் சத்தம் பாதைக்குள் நுழைந்தபோது வீடு வீடாகக் கதவு திறந்தது. ஐயே பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். டிராக்டர் வளைவுக்கு வந்தது. முன்பக்கம் திரும்பிவிட்டது. டிரெய்லர் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. அதன் பின்சில்லு கானின் விளிம்பை நோக்கிப் போனது. அக்கா நடுப்பாதையில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தினார்.

"நில்லு! கொஞ்சம் பின்னுக்கு... பின்னுக்கு... இப்ப ஒடி! வலப்பக்கம் ஒடி! என்னைப் பாரு, கானைப் பாக்காத! வா... வா... வா..."

டிரைவர் அவருக்குக் கீழ்ப்படிந்தார். வேறு வழி இருக்கவில்லை. சில்லு கானின் கல்லோரம் ஒரு சாண் இடைவெளியில் உருண்டு போனது. டிரெய்லர் வளைந்து, நிமிர்ந்து, வளைவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது.

முதலில் நானாவின் சின்ன மகன் கை தட்டினான். அப்புறம் முழுப் பாதையும் தட்டியது. என் மகன் டிரெய்லருக்குப் பக்கத்தில் குதித்துக் குதித்துக் கத்தினான். ஐயே விரலை வாயில் வைத்து, கொண்டக்டர்கள் பஸ் டிரைவருக்கு அடிப்பது போல நீளமாக ஒரு விசில் அடித்தார். என் கணவர் என் தோளில் கையைப் போட்டார். ரோட்டில் வைத்து அப்படிச் செய்கிறவரே இல்லை. நான் என் மகளைப் பார்த்தேன். வெயிலில் நின்று, கன்னமெல்லாம் சிவந்து, வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வலைக்குள் கண்ட முகத்தை அன்றைக்குத்தான் நான் மறந்தேன்.

பைகள் ஏறின. மேலே குடிக்கிற வீடு என்று எல்லோருக்கும் தெரிந்த வீட்டில் இருந்து, அந்தப் பெண்ணும் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லா வீட்டுப் பையும் ஒரே குவியலாக இருந்ததால், யாரும் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. அக்கா அவளிடம் இருந்து பையை வாங்கி, மற்ற எல்லாவற்றையும் எறிந்தது போலவே அதையும் மேலே எறிந்தார்.

டிரைவர் பிளேன்டீ குடித்துக்கொண்டே அக்காவிடம், "நீங்க முன்னாடி எங்க வேல செஞ்சீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"பிள்ளை மடுவத்தில" என்றார் அக்கா. "ஒன்ன மாதிரிப் பயலுங்கள நெறையப் பாத்திருக்கேன்."

இப்போது ஒவ்வொரு மாதமும் டிராக்டர் மேலே வருகிறது. சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வளைவுக்கு ஓடுவார்கள். மழை பெய்தால் தண்ணீர் கானில் இறங்குகிறது. போன வாரம் அடுத்த பாதையில் இருந்து இரண்டு பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்கள் பாதை முடிவிலும் இப்படி ஒரு மேடு இருக்கிறதாம். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லையாம்.

அக்கா குடையை எடுத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல எடத்தக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.